பேசும் கார்டு மெஷின்: எட்டு மாதம் வீட்டில் வைத்திருந்து எழுதுகிறேன்

கார்டைச் செருகினால் பெயர் சொல்லும் சின்ன மெஷின் ஒன்று இப்போது பிள்ளை இருக்கிற வீடு பலவற்றில் கிடக்கிறது. உள்ளங்கை அகலம், மேலே ஒரு பிளவு, கூட 112 கார்டு. இரண்டு பக்கமும் படம் என்பதால் மொத்தம் 224 சொல். ஆன்லைனில் 449 ரூபாய்க்கு வாங்கினோம். கம்பெனி பெயரை எழுதப்போவதில்லை. பெட்டியின் நிறம் மட்டும் மாறி, பார்க்க அதே மாதிரி மெஷின் பல பெயரில் விற்கிறது.

வாங்கும்போது எங்கள் பையனுக்கு, வீட்டில் தம்பி என்றுதான் கூப்பிடுவோம், இரண்டு வயது இரண்டு மாதம். அவன் பேசுகிற சொற்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அம்மா, பா, ண்ணி, போ, வேணாம், காக்காவுக்கு 'கா'. எண்ணினால் 19. இரண்டு வயதில் ஐம்பது சொல்லாவது இருக்கணும், இரண்டு சொல்லைக் கோத்துப் பேச ஆரம்பித்திருக்கணும் என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் திருமங்கலம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். "ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்னு சொல்லுவாங்க டீச்சர், பேசிருவான்" என்று ஆயாம்மா ஆறுதல் சொல்வார். எனக்கு ராத்திரி தூக்கம் வராது. அப்படி ஒரு ராத்திரியில்தான் வீட்டுக்காரர் இந்த மெஷினைப் பார்த்து ஆர்டர் போட்டார். "ரெண்டே மாதத்தில் 224 சொல்" என்று விளம்பரத்தில் போட்டிருந்தது.

முதல் வாரம் வீடே சந்தோஷமாக இருந்தது. தம்பி ஒரே இடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தான். அதுவரை அப்படி உட்கார்ந்ததே இல்லை. கவனம் வந்துவிட்டது என்று நானும் நம்பினேன்.

இரண்டாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து அவன் கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கார்டை எடுக்கிறான். பிளவுக்குள் சொருகுகிறான். மெஷின் அணிலுக்கு இங்கிலீஷில் 'ஸ்குவிரல்' என்கிறது. அந்த நொடியில் அவன் கண் படத்தில் இல்லை, பிளவின் ஓரத்தில் எரியும் சிவப்பு விளக்கில் இருக்கிறது. சத்தம் முடிவதற்குள் வலது கை அந்தக் கார்டைப் பிடுங்குகிறது, இடது கை அடுத்ததைத் தேடுகிறது. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நான்கு நிமிடத்தில் 31 கார்டு. ஒரு படத்திலும் அவன் கண் நின்று பார்க்கவில்லை. அவன் அசையாமல் உட்கார்ந்ததைக் கவனம் என்று நினைத்துவிட்டேன். அவன் கவனம் முழுக்கச் சொருகுவதிலும் விளக்கிலும்தான் இருந்தது. சொல் அதன் பக்கவாட்டில் காற்றாகப் போய்க்கொண்டிருந்தது.

அதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. தம்பியைப் பகலில் பார்த்துக்கொள்வது அத்தை, அதாவது அவனுடைய அப்பத்தா. வாய் ஓயாமல் பேசுகிறவர். கீரை ஆய்ந்தால் கீரையோடும் பேசுவார். மெஷின் வந்த பிறகு நான் பள்ளி விட்டு வரும்போது திண்ணையில் அத்தையும் பேரனும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள், பேசுவது மெஷின் மட்டும். "ஏன் அத்தை சும்மா இருக்கீங்க?" என்றேன். "அதுதான் இங்கிலீசுல அழகா சொல்லிக்குடுக்குதேத்தா, நான் குறுக்க பேசி எதுக்குக் கெடுக்கணும்?" என்றார். அன்றைக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது. பேசாத பிள்ளைக்கென்று வாங்கிய சாமான், அவனோடு பேசிக்கொண்டிருந்த ஒரே ஆளின் வாயை அடைத்துவிட்டது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 2016இல் அமெரிக்காவில் ஆனா சோசா என்ற ஆய்வாளர், 10 முதல் 16 மாதம் வரையுள்ள 26 குழந்தைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் வைத்து ஒரு ஆய்வு செய்தார். மூன்று விதமான சாமான்கள் கொடுத்தார்: பேசும், பாடும் எலக்ட்ரானிக் பொம்மைகள், மரக்கட்டை மாதிரி சாதாரண விளையாட்டுச் சாமான்கள், படப் புத்தகங்கள். எலக்ட்ரானிக் பொம்மை கையில் இருந்தபோது பெரியவர்கள் நிமிடத்துக்குச் சுமார் 40 சொல் பேசினார்கள். சாதாரண சாமானோடு 56. புத்தகத்தோடு 67. குழந்தைகள் குரல் கொடுப்பதும் புத்தகத்தைவிடப் பொம்மையோடு குறைவு. பெற்றோர் யாரும் வேண்டுமென்று வாயை மூடவில்லை. சாமான் பேசினால் மனுஷன் ஒதுங்கி இடம் விடுகிறான், அவ்வளவுதான். அத்தை செய்ததும் அதேதான்.

இதற்கிடையில் அரசு மருத்துவமனையில் உள்ள குழந்தைகளுக்கான ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்குத் தம்பியைக் கூட்டிப் போனோம். இந்தியா முழுக்க மாவட்ட அளவில் இப்படி மையங்கள் இருக்கின்றன, 2013இல் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் வருபவை, காசு கிடையாது. முதலில் காதைப் பரிசோதித்தார்கள். இதைப் படிக்கிறவர்களில் யார் வீட்டிலாவது பிள்ளை பேசத் தாமதமானால், மெஷினுக்கு முன்னால், ட்யூஷனுக்கு முன்னால், கோயில் வேண்டுதலோடு கூடவே, காதைப் பரிசோதித்துவிடுங்கள். தம்பிக்குக் காது நன்றாக இருந்தது. பேச்சுப் பயிற்சி தருகிற அந்தப் பெண் அரை மணி நேரம் தரையில் அவனோடு உட்கார்ந்து விளையாடிவிட்டு என்னிடம் சொன்னது இதுதான்: "அவன் எதைப் பார்க்கிறானோ அதுக்குப் பேர் சொல்லுங்க. நீங்க காட்டுறதை அவன் பார்க்கணும்னு இழுக்காதீங்க." வீட்டில் இங்கிலீஷும் தமிழும் கலந்து கேட்டால் பிள்ளை குழம்புமா என்று கேட்டேன். சொந்தக்காரர்கள் அப்படித்தான் பயமுறுத்தியிருந்தார்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகாது என்று தெளிவாகச் சொன்னார்.

அவர் சொன்ன முதல் பேச்சை நான் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டேன். அடுத்த வாரம் அதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

எங்கள் வீட்டுப் பின்னால் ஒரு கொய்யா மரம், அதற்குக் கீழே தகரக் கொட்டகை. சாயந்திரம் அத்தை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கொட்டகை மேல் 'டம்' என்று ஒரு சத்தம். தம்பி சட்டென்று திரும்பி மேலே பார்த்தான். பாதி கடித்த கொய்யா ஒன்று தகரத்தில் உருண்டு வந்து வாசல்படியில் விழுந்தது. மேலே கிளையில் ஒரு அணில், வால் துடித்துக்கொண்டிருந்தது. வழக்கமாக இருந்தால் அத்தை அதற்குள் பத்து வார்த்தை பேசியிருப்பார். அன்றைக்கு நான் சொல்லி வைத்திருந்ததால் ஒரு நொடி பொறுத்தார். தம்பி அணிலைப் பார்த்தான், திரும்பி அப்பத்தா முகத்தைப் பார்த்தான், மறுபடி அணிலைப் பார்த்தான். அப்போது சொன்னார்: "அணிலு. அணிலு பழத்தைக் கடிச்சிப் போட்டுருச்சுய்யா." அவ்வளவுதான். மறுநாள் அதே நேரத்துக்கு அதே சத்தம். தம்பி கையை நீட்டி "அனி" என்றான்.

இரண்டு வாரமாக மெஷின் அவனுக்கு 'ஸ்குவிரல்' என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறது. மரத்தில் ஓடுவதுதான் அது என்று அவனுக்குத் தெரியவே தெரியாது. அப்பத்தா ஒரே ஒரு தடவை, அவன் கண் இருந்த இடத்தில் தன் கண்ணையும் வைத்துச் சொன்னார்.

பொருளைப் பார்த்து, கூட இருக்கிறவர் முகத்தைப் பார்த்து, மறுபடி பொருளைப் பார்க்கிற அந்தப் பார்வையை உளவியலில் 'இணைந்த கவனம்' என்கிறார்கள். ஜெரோம் புரூனரும் மைக்கேல் ஸ்கைஃபும் 1975லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். குழந்தை ஏற்கனவே கவனித்துக்கொண்டிருக்கும் பொருளுக்குப் பெயர் சொன்னால் சொல் ஏறுகிறது, கவனத்தை வேறு பக்கம் இழுத்துச் சொன்னால் அவ்வளவாக ஏறுவதில்லை என்று 1986இல் மைக்கேல் டொமாசெல்லோவும் ஃபாரரும் சோதித்துக் காட்டினார்கள். பயிற்சி தந்த அந்தப் பெண் இதைத்தான் எனக்கு ஒரு வரியில் சொல்லியிருக்கிறார்.

சியாட்டில் நகரத்தில் பட்ரிஷியா குல் செய்த ஆய்வை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம். 2003இல் வந்தது. ஒன்பது மாதக் குழந்தைகள், வீட்டில் இங்கிலீஷ் மட்டும் கேட்கிறவர்கள். அவர்களோடு சீன மொழி பேசுகிற ஆட்கள் மொத்தம் 12 தடவை உட்கார்ந்து கதை படித்து, பொம்மை காட்டி விளையாடினார்கள். அந்தக் குழந்தைகளுக்குச் சீன ஒலிகளைப் பிரித்தறியும் திறன் வந்துவிட்டது. அதே ஆட்கள் பேசிய வீடியோவைப் பார்த்த குழந்தைகளுக்கும், சத்தத்தை மட்டும் கேட்ட குழந்தைகளுக்கும் எதுவும் வரவில்லை. குரல் அதே குரல்தான், எதிரில் ஆள் இல்லை.

இனி அந்த 224 பற்றி. ஒரு சொல்லைக் கேட்டதும் 'ஓ, அதுதானா' என்று பிள்ளை பிடித்துக்கொள்வது ஒரு வேலை. அது நினைவில் தங்குவது வேறு வேலை. 2008இல் ஹார்ஸ்டும் சாமுவெல்சனும் இரண்டு வயதுப் பிள்ளைகளிடம் இதைப் பார்த்தார்கள். தெரிந்த சாமான்களுக்கு நடுவே தெரியாத ஒன்றை வைத்து, புதுச் சொல்லைச் சொன்னால், பிள்ளைகள் சரியாக அதை எடுத்துக் கொடுத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் நினைவில்லை. பொருளைத் தனியே கையில் எடுத்து, காட்டி, பெயர் சொன்னால் நிலைத்தது. நான்கு நிமிடத்தில் 31 சொல் கொட்டினால் என்ன ஆகும் என்று இதிலிருந்தே தெரிகிறது. என் வகுப்புப் பிள்ளைகளிடமும் தினமும் பார்க்கிறேன். "நோட்டை எடு, தேதி போடு, கோடு கிழி" என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னால், பாதிப் பேர் நோட்டை எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். அடங்காத பிள்ளைகள் என்று முன்பெல்லாம் நினைத்துக் கோபப்பட்டிருக்கிறேன். மனதுக்குள் பிடித்து வைக்க இடம் அவ்வளவுதான் இருக்கிறது. ஒவ்வொன்றாகச் சொன்னால் அதே பிள்ளைகள் அழகாகச் செய்கிறார்கள்.

மெஷினை அலமாரி மேல் ஏற்றினேன். கார்டுகளைத் தூக்கிப் போட மனம் வரவில்லை, ஏனென்றால் கார்டுகள் உண்மையிலேயே நன்றாக இருக்கின்றன. கார்ட்டூன் இல்லை, வெள்ளைப் பின்னணியில் ஒரே ஒரு படம், மூலையை வளைத்து வெட்டியிருக்கிறார்கள். மெஷின் இல்லாமல் இவற்றை வைத்து விளையாட ஆரம்பித்தோம்.

முதலில் மூன்று கார்டு மட்டும். அணில், பசு, குடை. தம்பி எதை எடுக்கிறானோ அதைப் பற்றித்தான் பேச்சு. ஒரு மாதம் இப்படியே. பிறகு ஒரு விளையாட்டு: மூன்றையும் பாயில் பரப்பி, பெயர் சொல்லி, மேலே துண்டைப் போட்டு மூடி, ஒன்றை உருவிவிட்டு, துண்டை எடுத்து "எது காணோம்?" என்று கேட்பது. முதல் நாள் அவனுக்குப் புரியவில்லை, துண்டோடு விளையாடினான். ஐந்தாறு நாள் கழித்து ஒரு தடவை துண்டை எடுத்ததும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வெறும் இடத்தையே பார்த்தான். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். இல்லாத ஒன்றை மனதுக்குள் தேடுகிற முகம். பிறகு "கொடை!" என்று கத்தினான். மூன்று கார்டு நான்கானது, ஐந்தானது. ஐந்துக்கு மேல் போனால் சலித்துக்கொள்கிறான், நாங்களும் தள்ளுவதில்லை.

இன்னொன்று அர்த்தமில்லாத சொல் விளையாட்டு. நான் 'தபிலு' என்பேன், அவன் திருப்பிச் சொல்லணும். 'கொமாதி', 'மெனாகுடு' என்று நீளும். வெறும் சிரிப்பு விளையாட்டு மாதிரித் தெரியும். ஆனால் கேட்ட ஒலியை ஓரிரு நொடி மனதில் பிடித்து அப்படியே திருப்பித் தருவதற்கும் சொல்வளத்துக்கும் தொடர்பு உண்டு. இங்கிலாந்தில் சூசன் கேதர்கோலும் ஆலன் பேட்லியும் 1989இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வயதில் இப்படிப்பட்ட பொய்ச்சொற்களை நன்றாகத் திருப்பிச் சொன்ன பிள்ளைகளுக்கு ஒரு வருடம் கழித்துச் சொல்வளமும் அதிகமாக இருந்தது. இதை விளையாடினால் சொல் பெருகும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. எங்களுக்கு இது பிடித்திருக்கிறது, அதனால் விளையாடுகிறோம்.

ராத்திரி ஒரே கதைப் புத்தகம், திரும்பத் திரும்ப. எனக்கு அலுத்துப்போகும், அவனுக்கு அலுக்காது. அலுக்காமல் கேட்பதற்கும் காரணம் இருக்கிறது: சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 2011இல் செய்த ஆய்வில், ஒரே கதையை மறுபடி மறுபடி கேட்ட மூன்று வயதுப் பிள்ளைகள், அதே புதுச் சொற்களை வெவ்வேறு கதைகளில் கேட்ட பிள்ளைகளைவிட நன்றாக நினைவு வைத்திருந்தார்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்துவிட்டால், புதுச் சொல்லைக் கவனிக்க மனதில் இடம் மிச்சமாகும் என்று நான் புரிந்துகொள்கிறேன். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அச்சுப் புத்தகமும் மலிவுதான், மெஷின் விலைக்கு நாலைந்தாவது வாங்கலாம்.

சாமானைப் பற்றி மற்ற விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். சத்தத்தை எவ்வளவு குறைத்தாலும் பிள்ளையின் காதுக்கு அதிகம். குழந்தைகள் மெஷினைக் காதோடு வைத்துக்கொள்வார்கள் என்பதால் ஸ்பீக்கர் ஓட்டை மேல் செலோடேப் ஒட்டினேன். சார்ஜ் இரண்டு நாள் நிற்கிறது, குறையில்லை. உச்சரிப்பு தெளிவில்லை: 'ஷீப்'பும் 'ஷிப்'பும் எங்கள் காதுக்கு ஒன்றாகவே கேட்கிறது. சாப்பாட்டுக் கார்டுகளில் பர்கர், செர்ரி, ஸ்ட்ராபெர்ரி. இட்லி இல்லை, முருங்கைக்காய் இல்லை, தம்பி தினமும் கையில் பிடிக்கிற எதுவும் இல்லை. அட்டை மெல்லிசு. கடிக்கிற வயதுப் பிள்ளை என்றால் ஒரு மாதத்தில் உரிந்துவிடும்.

மெஷினுக்கு ஐந்துக்கு ஒன்று தருகிறேன். கார்டுக்கு நான்கு. மூன்றரை, நான்கு வயதில், தமிழ் சரளமாகப் பேசுகிற பிள்ளைக்கு, பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு ஐந்தாறு கார்டு என்றால் மெஷினும் தப்பில்லை. பேச்சு தாமதமான பிள்ளைக்கு இதை வாங்கி, பிள்ளையையும் மெஷினையும் ஒரு மூலையில் உட்கார வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பார்க்காதீர்கள். நான் அந்த இரண்டு வாரம் அதைச் செய்தேன், இப்போதும் மனசு கேட்கவில்லை. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "உங்க பேச்சுதான் அவனுக்கு வேணும்." அத்தையிடம் இதைச் சொல்ல எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. சொன்ன அன்றைக்கு அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து, ஏன் முன்பே சொல்லவில்லை என்று இருந்தது.

தம்பிக்கு இப்போது இரண்டு வயது பத்து மாதம். நோட்டில் 140 சொல்லோடு எண்ணுவதை விட்டுவிட்டேன். கார்டு விளையாட்டால் வந்ததா, பயிற்சியால் வந்ததா, வயது ஏறியதால் தானாக வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. தாமதமாகப் பேசும் பிள்ளைகளில் பலர் தாங்களாகவே எட்டிப் பிடித்துவிடுவார்கள் என்றும் சொல்கிறார்கள். மையத்துக்கு மாதம் ஒரு தடவை இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறோம்.

இப்போதெல்லாம் துண்டு போடுவது அவன்தான். அப்பத்தாவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு ஒன்றை உருவி முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறான். அத்தை வேண்டுமென்றே "பசுவைக் காணோம்" என்பார். "இல்ல அப்பத்தா, பசு இருக்கு, அணிலுதான் காணோம்" என்று முழு வாக்கியமாகத் திருத்துகிறான். 112 கார்டில் 97 மிச்சம். அணில் கார்டு நடுவில் கிழிந்து டேப் போட்டு ஒட்டியிருக்கிறது. அது ஒன்றை மட்டும் தனியாக வாங்க முடியுமா என்று விற்றவரிடம் கேட்டேன். தருவதில்லையாம், முழு செட்டாகத்தான் வாங்கணுமாம்.